குவாரி நிற்கும் நாளில் கிணற்றைப் பாருங்கள்

கல்குவாரி வந்தால் கிணறு வற்றுமா என்று கேட்பவர்கள் அடுத்த வாயில் சொல்வது தூரத்தைத்தான். "குவாரியிலிருந்து எங்கட வளவு அரைக் கட்டைதான்" என்பார்கள். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலும் அம்பாறையின் உட்புறத்திலும் தூரத்துக்கு அவ்வளவு மதிப்பில்லை. குவாரியிலிருந்து 150 மீற்றரில் உள்ள கிணறு பத்து வருடமாக அசையாமல் கிடக்கலாம். 700 மீற்றருக்கு அப்பால் உள்ளது இரண்டே கோடையில் அடி தெரிய வற்றலாம். பாறையின் வெடிப்பு எந்தத் திசையில் ஓடுகிறது, அதற்கு மேல் எவ்வளவு உக்கிய மண் கிடக்கிறது, இவை இரண்டும்தான் கிணற்றின் தலைவிதியை எழுதுகின்றன.

மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டத்துக்கும் அடியில் கிடப்பது விஜயன் தொகுதி என்று புவியியலாளர் அழைக்கும் மிகப் பழைய உருமாறிய பாறை. மேற்கே மகா ஓயாப் பக்கம் போனால் அது உயர்நிலத் தொகுதி என்ற இன்னொரு பழைய பாறையோடு முட்டும் எல்லை வரும். பெரும்பகுதி நைஸ்: வெள்ளையும் கறுப்புமாக வரி ஓடிய கல். இந்தக் கல்லில் ஒரு துண்டைத் தண்ணீரில் எத்தனை நாள் ஊறப்போட்டாலும் உள்ளே போகும் நீர் அதன் பருமனில் ஒரு வீதம்கூட இராது. மணலில் அந்த இடைவெளி 30 முதல் 40 வீதம். ஆகவே நைஸில் நீர் இருக்கிறது என்றால் கல்லில் இல்லை, வெடிப்பில் இருக்கிறது. வெடிப்பு எவ்வளவு ஆழம் போகும் என்று சந்தேகப்படுபவர் மகா ஓயா வெந்நீர் ஊற்றில் கைவைத்துப் பார்க்கட்டும். மழைநீர் ஒரு கிலோமீற்றருக்கும் கீழே இறங்கிச் சூடாகித் திரும்பி வந்தால்தான் அந்த வெப்பம் வரும். இறங்கியதும் ஏறியதும் வெடிப்பு வழியேதான்.

வெடிப்பின் கணக்கு மனசுக்கு எளிதில் பிடிபடாதது. அகலம் இரண்டு மடங்கானால் அது கொண்டுபோகும் நீர் இரண்டு மடங்கல்ல, எட்டு மடங்கு. அரை மில்லிமீற்றர் அகலமான நேரான வெடிப்பில், நூறு மீற்றருக்கு ஒரு மீற்றர் சரிவு இருந்தால், நீர் ஒரு நாளில் 150 மீற்றருக்கு மேல் ஓடும் என்று கணக்கு சொல்கிறது. நிஜ வெடிப்பு கரடுமுரடானது, இடையிடையே களி அடைத்தது. வேகம் அதில் ஒரு பங்குதான் வரும். ஆற்று மணலோடு ஒப்பிட்டால் அதுவும் பெரிது. ஆயிரத்துக்கு ஒன்று சரிவில் மணலுக்குள் நீர் நகர்வது நாளுக்கு ஏறத்தாழ 17 சென்ரிமீற்றர், வருடத்துக்கு 60 மீற்றர். மணலில் அழுக்கு வந்து சேர வருடங்கள் ஆகும். பாறை வெடிப்பில் சில நாளில் வந்துவிடும், வழியில் வடிகட்ட எதுவும் இல்லை.

வெடிப்புகள் எல்லாம் ஒரே இனமல்ல. மலையின் மேற்பரப்புக்கு இணையாக வாழைமடல் அடுக்குப்போல உரிந்து கிடப்பவை ஒரு வகை. குடும்பிமலை, உகந்தை போன்ற மொட்டைப் பாறைகளில் வெறுங்கண்ணுக்கே தெரியும். மேலே அரை அடிக்கு ஒன்று, கீழே போகப் போகப் பல அடிக்கு ஒன்று. மழைநீரைப் பக்கவாட்டில் ஓடவிட்டு அடிவாரத்தில் கசியவைப்பவை இவை. செங்குத்தாக இறங்கும் நெடிய வெடிப்புகள் இன்னொரு வகை. தூரத்துக் கிணற்றைக் குவாரியோடு கட்டுபவை பெரும்பாலும் இவைதான். மூன்றாவதாக இந்த நைஸைக் குறுக்கே வெட்டிக்கொண்டு பெரும்பாலும் வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஓடும் டொலரைட் சுவர்கள். கறுத்து, நுண்மணியாக, சுத்தியல் பட்டால் கணீரென்று ஒலிக்கும் கல். சுவரின் நடுப்பகுதி நீரை மறிக்கும், இரு ஓரமும் நொறுங்கி நீரை ஓடவிடும். குவாரிக்கும் ஊருக்கும் நடுவே இப்படி ஒரு சுவர் நின்றால் ஊர் தப்பும். சுவர் ஓடும் கோட்டிலேயே இரண்டும் இருந்தால் தூரம் இருந்தும் பயனில்லை.

இதற்கெல்லாம் மேலே கிடப்பது உக்கிய பாறை. நம் கட்டுக்கிணறுகள் பெரும்பாலும் இதைத் தோண்டி "பாறை மட்டம்" வந்ததும் நின்றவை. உக்கிய பாறையும் உறுதிப் பாறையும் சந்திக்கும் அந்த ஓரிரு மீற்றர்தான் நல்ல ஊற்று உள்ள இடம்: மேலே களி கூடி இறுகியிருக்கும், கீழே வெடிப்பு குறையும், இடையில் கல் நொறுங்கி மட்டும் இருக்கும். குவாரிக்காரர் முதலில் சுரண்டி அப்புறப்படுத்துவதும் இந்தப் படையைத்தான். குழி நூறு அடி ஆழம் போன பிறகுதான் கிணறு பாதிக்கும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. மேல்மண் வழித்து முதல் வெட்டு விழுந்த அன்றே ஊற்றுப்படை அறுந்துவிடும். குவாரிச் சுவரின் உச்சியில் ஒரே மட்டத்தில் ஈரக்கோடு ஓடினால் அதுதான் அறுந்த படை.

குவாரிக் குழியைக் காயவைக்க பம்ப் போட்ட பிறகு என்ன நடக்கும் என்பதை ஒரு கணக்கால் பார்க்கலாம். மூன்று அங்குல பம்ப் நிமிடத்துக்கு 500 லீற்றர் வீதம் நாளுக்கு எட்டு மணித்தியாலம் ஓடினால் 240 கனமீற்றர். ஒரு மாதத்துக்கு 7,200. உக்கிய பாறையிலிருந்து வடியக்கூடிய நீர் அதன் பருமனில் இரண்டு வீதம் என்று வைத்தால், இந்த நீரை ஈடுசெய்ய ஏறக்குறைய 90 ஏக்கரில் நீர்மட்டம் ஒரு மீற்றர் இறங்க வேண்டும். இதே பம்ப் மணலில் ஓடினால் ஒன்பது ஏக்கர் போதும், அங்கே வடியும் பங்கு 20 வீதம். பாறை நாட்டில் ஒரு சின்ன பம்ப் இவ்வளவு பரப்பைத் தொடுவதன் காரணம் இதுதான். அந்த 90 ஏக்கரும் வட்டமாக விழாது. வெடிப்பின் திசையில் நீண்ட வெள்ளரிக்காய் வடிவில் விழும்.

அந்தத் திசையைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி தேவையில்லை. குவாரிச் சுவரை அனுமதியோடு போய்ப் பார்க்கக் கிடைத்தால், மழை பெய்து இரண்டு நாள் கழித்து, வெயில் ஏறுமுன் போக வேண்டும். காய்ந்த சுவரில் ஈரமாக நிற்கும் கோடுகள்தான் வேலை செய்யும் வெடிப்புகள். துருநிறம் பிடித்திருந்தால் அதில் நீரும் காற்றும் நெடுங்காலம் போய்வந்திருக்கின்றன. வெள்ளை உறை படிந்திருந்தால் நீர் வந்து ஆவியாகும் இடம். சாம்பல் களி அடைத்திருந்தால் மூடிய வெடிப்பு, இப்போதைக்கு விட்டுவிடலாம். ஓட்டையைச் சுற்றி நட்சத்திரம்போல் விரியும் புதிய, சுத்தமான கீறல்கள் வெடி போட்டதால் வந்தவை. அவற்றை எண்ணக் கூடாது. துருக்கோடுகளில் இருபது முப்பதின் திசையைத் தொலைபேசியின் திசைகாட்டியால் எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். கல்லோடு ஒட்டிப் பிடிக்க வேண்டாம்: மக்னற்றைற்று என்ற காந்தக் கனிமம் உள்ள கல் முள்ளை இழுக்கும், பெக்கோ இயந்திரமும் இழுக்கும். பத்தடி தள்ளி நின்று பாருங்கள். எண்களைப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டு திசையில் குவிந்திருக்கும். வரைபடத்தில் குவாரியிலிருந்து அந்த இரு கோட்டையும் இழுத்துவிட்டு, கோட்டில் விழும் கிணறுகளை முதலில் கண்காணியுங்கள்.

வெடியைப் பற்றி ஒரு வார்த்தை. வெடி போட்டதால் ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் பாறை பிளந்து கிணற்று நீர் ஓடிப்போனது என்பது நான் நம்பாத கதை. வெடியால் பாறை உடைவது சுவரிலிருந்து சில மீற்றர்தான். அதிர்வு செய்யக்கூடியது வேறு: வெடிப்பில் அடைத்த களியைத் தளர்த்தி நீரைக் கலக்கும், சீமெந்து வளையங்களின் பொருத்தை விலக்கும். வெடி போட்ட மாலையே கிணறு கலங்கினால் காரணம் அங்கே. நீரை உண்மையில் கொண்டுபோவது பம்ப்.

இதை நிறுவுவது எப்படி? கோடையில் எல்லாக் கிணறும் இறங்கும், குவாரியும் கோடையில்தான் மும்முரமாக ஓடும். இரண்டையும் பிரிக்க இலவசமாகக் கிடைக்கும் சோதனை விடுமுறை. ஞாயிறு, பூரணை, வெசாக் இரண்டு நாள், எல்லாவற்றிலும் மேலாகச் சித்திரைப் புத்தாண்டு வாரம். பம்ப் நின்றதும் மழையே இல்லாமல் கிணறு ஏறி, வேலை தொடங்கியதும் திரும்ப இறங்கினால் அது வறட்சி அல்ல. வறட்சி ஞாயிற்றுக்கிழமை பார்த்து ஓய்வெடுப்பதில்லை.

அளக்கும் முறை இப்படி. கிணற்றுக் கட்டில் ஒரு இடத்தில் பெயின்றால் புள்ளி வையுங்கள். எப்போதும் அங்கிருந்தே அளக்க வேண்டும். இரும்பு அளவு நாடாவின் நுனியில் ஒரு சிறு பாரம் கட்டி, கடைசி ஒரு மீற்றருக்கு வெண்கட்டி பூசுங்கள். நீர் இருக்கும் ஆழத்தைவிடச் சற்றுக் கூடுதலாக இறக்கி ஒரு முழு எண்ணைப் புள்ளியில் பிடியுங்கள். 6 மீற்றரில் பிடித்து, மேலே எடுத்ததும் வெண்கட்டி 42 சென்ரிமீற்றர் வரை நனைந்திருந்தால் நீர்மட்டம் 5.58 மீற்றர். கயிற்றில் கல்லைக் கட்டி "ப்ளக்" சத்தம் கேட்டு அளந்தால் பத்து சென்ரிமீற்றர் பிழை சாதாரணமாக வரும், நாம் தேடும் ஏற்றமே சில வேளை அவ்வளவுதான். வீட்டு மோட்டர் ஓடாத நேரத்தில் அளக்க வேண்டும், விடியற்காலையானால் நல்லது. விடுமுறையைப் பிடிக்க மட்டும் சனி மாலை, ஞாயிறு மாலை, திங்கள் விடியல் என்று மூன்று அளவு. சாதாரண நாளில் வாரத்துக்கு ஒன்று.

பிழைக்கும் இடங்கள் இரண்டு. விடுமுறையிலும் குழியைக் காயவைக்க பம்பை ஓடவிடும் குவாரிகள் உண்டு, ஆகவே கல்லுடைக்கும் சத்தம் நின்றதை நம்பாமல் குழாயில் நீர் வருகிறதா என்று பார்க்க வேண்டும். மற்றது வாய்க்கால். சித்திரையை ஒட்டி யல போகத்துக்கு (சிறுபோகத்துக்கு) குளத்து நீர் திறந்தால் வயலோரக் கிணறெல்லாம் தானாக ஏறும். அதனால் குவாரிக்கு எட்டாத, ஆனால் அதே வாய்க்காலோரத்தில் உள்ள இன்னொரு கிணற்றையும் அதே நேரத்தில் அளந்து பக்கத்தில் வைக்க வேண்டும். குவாரி தொடங்குமுன் ஒரு மாரியும் ஒரு கோடையும் சேர்ந்த ஒரு முழு வருடக் குறிப்பு கையில் இருந்தால் பேச்சே வேறு. பெரும்பாலான முறைப்பாடுகள் எழும்போது அந்த வருடம் கடந்துபோயிருக்கும்.

நீரின் தரத்துக்கு வருவோம். குவாரியில் பயன்படும் வெடிமருந்தில் முக்கிய பங்கு அமோனியம் நைத்திரேற்று. டீசல் கலந்த வகை நீரைத் தாங்காது: ஈரத் துளையில் போட்டால் ஒரு பகுதி வெடிக்காமல் கரைந்துவிடும். அப்படி ஒரு கிலோ அமோனியம் நைத்திரேற்று கரைந்தால் வரும் நைத்திரேற்று ஏறத்தாழ 775 கிராம். குடிநீருக்கு இலங்கைத் தரநிர்ணயமான எஸ்.எல்.எஸ். 614 வைத்திருக்கும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அந்த ஒரு கிலோ 15,000 லீற்றருக்கு மேலான நீரை எல்லைக்குக் கொண்டுவரும். கூடவந்த அமோனியமும் பிறகு நைத்திரேற்றாக மாறினால் அதன் இரட்டிப்பு. ஆனால் நம் பக்கத்தில் நைத்திரேற்றைக் கண்டதும் குவாரியைக் கைகாட்ட முடியாது. வயலின் யூரியாவும் மலசலகூடக் குழியும் அதையே தரும். குவாரிக் குழி நீரில் அமோனியமும் நைத்திரேற்றும் சேர்ந்து கூடி, கிணற்றில் மலக்கிருமி இல்லாமல், உரம் போடாத காலத்தில் ஏறினால் வெடிமருந்துப் பக்கம் சந்தேகப்படலாம். கிருமியும் குளோரைட்டும் சேர்ந்து கூடியிருந்தால் முதலில் மலசலகூடத்தைப் பாருங்கள்.

இதைவிடப் பெரிய கேடு சுற்றிவளைத்து வருகிறது, அதைக் குவாரியின் கணக்கில் யாரும் எழுதுவதில்லை. கட்டுக்கிணறு வற்றுகிறது, வீட்டுக்காரர் கடன்பட்டு 150 அடிக்குக் குழாய்க்கிணறு அடிக்கிறார். மேலே இருந்தது சென்ற மாரியின் நீர், கீழே கிடைப்பது பல காலம் கல்லோடு கிடந்த நீர். பயோற்றைற்று, ஹோர்ன்பிளென்ட், அப்பற்றைற்று ஆகிய கனிமங்களிலிருந்து புளோரைட்டு அதில் இறங்கியிருக்கும். நீரில் கல்சியம் நிறைய இருந்தால் புளோரைட்டு ஓரளவுக்கு மேல் ஏறாது. கல்சியம் குறைந்து சோடியம் கூடினால் தடையின்றி ஏறும். கல்சியம் குறைந்த நீரில்தான் சவர்க்காரமும் நன்றாக நுரைக்கும். ஆகவே சவர்க்காரம் நன்றாக நுரைக்கிறது, இது நல்ல தண்ணீர் என்று முடிவுகட்டக் கூடாது. புளோரைட்டின் எல்லை லீற்றருக்கு 1 மில்லிகிராம். கொதிக்கவைத்தால் போகாது, நீர் வற்ற வற்றச் செறிவு கூடும். வளரும் பிள்ளைகளின் பல்லில் நிரந்தரக் கறை விழுந்த பிறகு தெரிந்து பயனில்லை. புதுக் குழாய்க்கிணற்று நீரை முதல் வாரத்திலேயே சோதிக்க வேண்டும்.

இரும்பு அப்படி ஒளிந்திருக்காது. இறைத்ததும் தெளிவு, வாளியில் ஒரு மணித்தியாலம் வைத்தால் செம்மஞ்சள், தேநீர் போட்டால் மைபோல் கறுக்கும். சாயமும் இரும்பும் சேர்வதால் அந்த நிறம். நாவுக்குப் பிடிக்காவிட்டாலும் காற்றூட்டி மணலில் வடித்தால் போகும். புளோரைட்டுக்கு அந்த வசதி இல்லை.

பரிசோதனைக்கு நீர் எடுக்கும்போது சோடாப் போத்தல் வேண்டாம். தேசிய நீர்வழங்கல் சபையின் ஆய்வுகூடத்தில் போத்தல் கேட்டு வாங்கி, அதே நீரால் மூன்று தரம் அலசி, விளிம்புவரை நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே கொண்டுபோங்கள். இரும்புக்குத் தனிப் போத்தல், அமிலம் அவர்களே விடுவார்கள். கிருமிக்கும் தனிப் போத்தல். அது கிருமிநீக்கியது, அலசக் கூடாது. குழாய்க்கிணறானால் மின்கடத்துதிறன் (நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் எண்) ஒரே எண்ணில் நிற்கும்வரை பத்து நிமிடமாவது ஓடவிட்டுப் பிறகு பிடிக்க வேண்டும். கையடக்க மானியை 1413 மைக்ரோசீமன்ஸ் கரைசலில் சரிபார்க்காமல் அளந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

மண் அகழ்வின் கதை வேறு. முந்தனை ஆற்றிலோ மாதுறு ஓயாவிலோ மணல்தான் நீர்த்தாங்கி. நூறு மீற்றர் நீளம், நாற்பது மீற்றர் அகலம், இரண்டு மீற்றர் ஆழத்துக்கு மணல் போனால் 8,000 கனமீற்றர் மணல் மட்டும் போகவில்லை. கோடைக்கு அது பிடித்துவைத்திருந்த ஏறத்தாழ 1,600 கனமீற்றர் நீரின் இடமும் போகிறது. கோடையில் ஆற்றுக்குள் தோண்டும் பூவலை வைத்து இதை அளக்கலாம். முழங்கை ஆழத்தில் ஊறியது இடுப்பாழத்துக்குப் போனால் மட்டம் இறங்கிவிட்டது. மணலுக்கு அடியில் களிப்படை வந்ததும் பூவலும் ஊறாது, டிப்பரும் வராது. வாவிப்பக்க இறக்கத்தில் ஆற்றின் அடி கடல்மட்டத்துக்குக் கீழே போனால் உவர்நீர் அடியோடு ஊர்ந்து மேலேறும். மேல்நீரை ருசிபார்த்து நல்லது என்று நினைத்திருக்க, கரையோரக் கிணற்றின் அடியில் சவர் வந்திருக்கும். மானியைக் கயிற்றில் கட்டி அடிவரை இறக்கி அளந்தால்தான் தெரியும்.

எழுவான்கரை மணலில் இன்னும் நுட்பம். கடலுக்கும் வாவிக்கும் நடுவே நல்ல நீர் உப்புநீரின்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே நல்லநீர் ஒரு சாண் இறங்கினால் அடியிலிருந்து உப்பு அதைப்போல நாற்பது மடங்கு ஏற முயலும். 2004 சுனாமிக்குப் பிறகு உப்பேறிய கிணறுகளை ஓயாமல் இறைத்துப் பார்த்தும் மட்டக்களப்பில் பெரிதாகப் பலிக்கவில்லை. மாரி மழைதான் கழுவியது. வாகரை, திருக்கோவில் பக்கங்களில் இல்மனைற்று என்ற கனிம மணல் அகழ்வைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், மணலைத் திருப்பிக் கொட்டிவிடுவோம் என்பார்கள். திருப்பிக் கொட்டிய மணல் பழைய மணல் அல்ல. கழுவும்போது பிரிந்த நுண்சேறு ஒரு படையாகப் படிந்தால் மழை கீழே இறங்காது. கடல்நீரால் கழுவினால் உப்பு நேரே உள்ளே. திறந்துகிடக்கும் குழியில் கோடையில் நாளுக்கு 5 மில்லிமீற்றர் ஆவியானால் ஒரு ஏக்கருக்கு 20,000 லீற்றர் போகிறது. கேட்க வேண்டிய கேள்விகள் இவை: எந்த நீரால் கழுவுவீர்கள், சேற்றை எங்கே விடுவீர்கள், குழி எத்தனை நாள் திறந்திருக்கும்.

சுரங்கம் என்றதும் அமிலநீர் வருமா என்று கேட்பார்கள். சாதாரண நைஸ் குவாரியில் பெரும்பாலும் வராது, கந்தகக் கனிமம் அவ்வளவு இல்லை. வெருகலுக்கு அப்பால் சேருவிலவில் 1971இல் கண்டறியப்பட்ட செம்பு–மக்னற்றைற்றுப் படிவு வேறு சாதி. அங்கே பைரைட்டு என்ற கந்தகக் கனிமம் உண்டு, ஒரு கிலோ பைரைட்டு முழுதாக ஒட்சியேறினால் 1.6 கிலோ கந்தகவமிலம். அப்படியான இடத்தில் பீ.எச். இறங்கும்வரை காத்திருக்கக் கூடாது. சுற்றுக்கல் அமிலத்தைச் சில காலம் விழுங்கிக்கொள்ளும், அதற்கு முன்பே சல்பேற்று ஏறத் தொடங்கும். நம் பக்கத்தில் இதற்குக் கிட்ட வருவது வாவியோரக் கண்டல் சேறு. கெட்ட முட்டை மணக்கும் கரும்சேற்றைத் தோண்டிக் கரையில் காயவிட்டு, அதில் வைக்கோல்நிற மஞ்சள் புள்ளி வந்தால் அமிலம் பிறந்துவிட்டது.

கைவிட்ட குவாரிக் குழிக்கு ஊரார் வைக்கும் முதல் பயன் குப்பை. மணல், உக்கிய மண் எதுவும் இல்லாமல் வெறும் வெடிப்பு வாய்திறந்து கிடக்கும் இடத்தில் கொட்டும் குப்பையின் சாறு, மேலே வரைந்த அந்த இரு கோட்டில்தான் போகும். நீர் நிறைந்த குழி உண்மையில் ஊரின் மிகப் பெரிய கட்டுக்கிணறு, அதன் மட்டமே சுற்றுப் பாறையின் நீர்மட்டம். சுவரில் கடல்மட்டத்தோடு பொருத்திய ஒரு அளவுகோலைப் பெயின்றால் வரைந்துவிட்டால், கிணறு கிணறாக நாடா இறக்காமலே தினமும் பார்த்து எழுதலாம். கோடு வரையும்போது சென்ரிமீற்றர் எண்களைப் பெரிதாகப் போடுங்கள், கரையில் நின்றே வாசிக்கத் தெரிய வேண்டும். செங்குத்துச் சுவரில் யாரும் இறங்கக் கூடாது.